ஊருக்கு ஒரு முல்லர்

இருக்குவேதத்தைப் பதிப்பித்தவரும், 1881இல் தம்மபதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டவருமான மக்ஸ் முல்லரை இலக்கிய அன்பர்கள் நன்கறிவர். ஆனால் 'மக்ஸ்' என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர்களுள் ஒன்று. குடும்பப் பெயர் 'முல்லர்' மட்டுமே. அந்தப் பெயரை உடையோர் மிகப் பலர் என்பதனாலேயே, பிற்காலத்தில் அவர் 'மக்ஸ்' என்பதையும் குடும்பப் பெயருடன் சேர்த்துக்கொண்டார்.

அவர் எண்ணியது தவறன்று. ஜேர்மனியில் இன்றும் முதலிடம் வகிக்கும் குடும்பப் பெயர் இதுவே. ஏறக்குறைய 7 இலட்சம் பேர் இப்பெயரைத் தாங்கியிருப்பதாக மதிப்பிடுகின்றனர். சுவிற்சர்லாந்திலும் முதலிடம் இதற்கே. ஒஸ்திரியாவில் மட்டும் 'குரூபர்' முந்திவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொல்லரைக் குறிக்கும் 'ஷ்மிட்' என்ற பெயரின் பல்வேறு எழுத்து வடிவங்களையும் ஒன்றாகக் கூட்டினால், முல்லர் இரண்டாமிடத்துக்கு இறங்கிவிடுவார்!

முல்லர் என்றால் தானியம் அரைக்கும் ஆலையை நடத்துபவர். நீரால் இயங்கும் ஆலையோடு உரோமரின் இலத்தீன் சொல்லும் ஜேர்மானிய நிலங்களுக்குச் சென்றது. 'மோலினாரியுஸ்' என்ற அச்சொல்லே நாவுக்கேற்பத் திரிந்து முல்லர் ஆயிற்று. வடக்கே அது 'மொல்லர்'. தெற்கே சில இடங்களில் 'மில்லர்'. பவேரியாவிலும் ஒஸ்திரியாவிலும் 'ஓபர்முல்லர்', அதாவது மேல் ஆலைக்காரர், என்பது போன்ற கூட்டுப் பெயர்கள் மிகுதி.

இத்தனை முல்லர்கள் எப்படி வந்தனர்? 12ஆம் நூற்றாண்டு முதல் குடும்பப் பெயர்கள் மெல்ல நிலைபெறத் தொடங்கின. ஒரே ஊரில் பல ஜோஹான்கள் இருந்தால் ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தறிய வேண்டுமல்லவா? உழவர் பலர், ஆலைக்காரரோ ஊருக்கு ஒருவர். எனவே அவரைச் சுட்ட அத்தொழிலே போதுமானதாயிற்று. ஆளை அடையாளங்காட்டப் பிறந்த பெயர், ஊர்கள்தோறும் பிறந்ததனால் யாரையும் அடையாளங்காட்டாத பெயராயிற்று.

அந்நாளில் அது பெருமைக்குரிய பெயருமன்று. கூலியாகத் தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்பவர் ஆலைக்காரர். பல இடங்களில் பிரபுவின் ஆலையிலேயே அரைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. அளவில் கைவைத்திருப்பாரோ என்ற ஐயம் ஊராருக்கு என்றும் உண்டு. ஆலைக்காரரின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்த கைவினைச் சங்கங்களும் இருந்தன. அதைத் தடுக்க 1548இல் பேரரசின் சட்டமே தலையிட வேண்டியதாயிற்று. கிரிம் சகோதரர் தொகுத்த நாட்டார் கதையொன்றில், தன் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று அரசனிடம் பொய்யுரைப்பவனும் ஓர் ஆலைக்காரனே.

இனி மக்ஸ் முல்லரின் தந்தையாரிடம் வருவோம். வில்ஹெல்ம் முல்லர் 1794இல் டெசாவ் நகரில் பிறந்த கவிஞர். ஆலைக்காரனின் மகளை நேசித்துத் தோற்ற இளம் தொழிலாளி ஒருவனைப் பற்றி அவர் பாடிய கவிதைத் தொடருக்கு 1823இல் ஷூபேர்ட் இசையமைத்தார். அதே ஆண்டில்தான் மக்ஸ் பிறந்தார். இவ்வளவு முல்லர்களுக்கிடையே தந்தையையும் தனித்துக் காட்ட வேண்டியிருந்தது போலும். கிரேக்க விடுதலையைப் பாடியமையால் மக்கள் அவரைக் 'கிரேக்க முல்லர்' என்றே அழைத்தனர். ஆலையைப் பாடிய இந்த முல்லரின் தகப்பனார் ஆலைக்காரரல்லர்; அவர் ஒரு தையற்காரர்.