பெருமூளை இல்லாத சிரிப்பு

இருட்டறையில் அந்தக் குழந்தையின் தலையில் டார்ச் விளக்கை ஒட்டிப் பிடித்தால், மண்டை காகிதக் கூண்டு விளக்குபோல் செவ்வொளி வீசும். பெருமூளை இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே நீர்தான். ஹைட்ரனென்செபாலி என்பது நோயின் பெயர். மூளையின் முன்பாதிக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனிகள் கருவிலேயே அடைபட்டு, உருவாகியிருந்த பெருமூளை அழிந்துபோவதே காரணம் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். பின்பக்கக் குழாய்கள் தப்புவதால் மூளைத்தண்டும் சிறுமூளையும் மிஞ்சுகின்றன. பிறந்த குழந்தை பால் குடிக்கும், அழும், காலை உதைக்கும். பல வாரங்கள் யாருக்கும் சந்தேகமே வராது. தலை அளவுமீறிப் பெருத்தாலோ வலிப்பு வந்தாலோ எடுக்கும் ஸ்கேனில்தான் விஷயம் தெரியவரும். ‘இதற்கு எதுவும் தெரியாது’ என்ற முடிவும் அப்போதே வந்துவிடும். அந்த முடிவு ஸ்கேனைப் பார்த்துச் சொன்னது, குழந்தையைப் பார்த்துச் சொன்னதல்ல என்பதுதான் என் வாதம்.

குழந்தைகளைப் பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள். பெருமூளையின் வெளியடுக்கான புறணி பிறவியிலேயே முழுதுமோ ஏறக்குறைய முழுதுமோ இல்லாத, 5 முதல் 17 வயது வரையிலான நான்கு பேரைப் பற்றி அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஆலன் ஷூமனும் சக ஆய்வாளர்களும் 1999இல் எழுதினார்கள். பழகியவரையும் புதியவரையும் அந்த நால்வரும் பிரித்தறிந்தார்கள். பிடித்த இசை என்று ஒன்று இருந்தது. ‘எதுவும் வராது’ என்று கைவிட்டால் எதுவும் வராமலே போகும், பிறகு அதுவே சான்றாகிவிடும் என்பது ஆய்வாளர்களுடைய எச்சரிக்கை. நரம்பியல் ஆய்வாளர் பியோர்ன் மெர்க்கர், 2004 அக்டோபரில் இத்தகைய குழந்தைகளுள்ள ஐந்து குடும்பங்களோடு ஒரு வாரம் இருந்தார். 2007இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு புகைப்படம் உண்டு: தம்பிப் பாப்பாவைக் கைகளில் வைத்ததும் முகம் மலரும் மூன்று வயதுச் சிறுமி.

பெற்ற மனம் அப்படித்தான் பார்க்கும், அது வெறும் அனிச்சைச் செயல் என்று மறுக்கலாம். ஆனால் யார் தட்டினாலும் முழங்கால் ஒரேமாதிரிதான் துள்ளும். அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது. இந்தக் குழந்தைகளோ ஆள் பார்த்துச் சிரிக்கிறார்கள். மிஞ்சிய புறணித் துணுக்குகள் இதைச் செய்கின்றன என்பது இன்னும் வலுவான மறுப்பு. அப்படி மிஞ்சுவது பெரும்பாலும் பின்மண்டையில், அதாவது பார்வைக்கான பகுதியில். கேட்டலுக்கான பகுதி அநேகமாக இருப்பதே இல்லை. ஆனால் இவர்களுக்குப் பொதுவாகப் பார்வை மங்கல், காதுதான் தேவலை. துணுக்குகள் காரணமானால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பிறந்தவுடன் புறணி நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி விளையாடவே செய்கின்றன. ஆக, அடிப்படை உணர்வைத் தாங்கும் வேலையில் மூளைத்தண்டின் மேற்பகுதிக்கும் பங்குண்டு என்கிறார் மெர்க்கர். இதை ஏற்காத அறிஞர்கள் இருக்கிறார்கள். பேச்சோ திட்டமிடலோ இவர்களுக்கு வரும் என்று யாரும் சொல்லவில்லை. பலருடைய ஆயுளும் குறுகியது.

ஆனால் வலி விஷயத்தில் விவாதம் முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. உணர்வில்லாத குழந்தைக்கு மரப்பு மருந்து கொடுத்தால் நஷ்டம் கொஞ்சம் மருந்துதான். உணர்வுள்ள குழந்தைக்குக் கொடுக்காமல் விட்டால் அது சித்திரவதை. ஊசி, தையல், அறுவை எதுவானாலும், மற்றக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை இவர்களுக்கும் கொடுங்கள், டாக்டர்களே.