அணிலுக்கு எதற்கு இவ்வளவு காடு?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. 1988இல் அதையும் சுற்றியுள்ள சுமார் 480 சதுர கிலோமீட்டர் மலைக்காட்டையும் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவித்தார்கள். டீக்கடையில் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "ஒரு அணிலுக்கா இம்புட்டுக் காடு?" நியாயமான கேள்விதான். மெதுவாகப் பார்ப்போம்.

முதலில் நம் வீட்டு வேப்பமரத்து அணிலை மறந்துவிடுவோம். இந்தச் சாம்பல் நிற அணில் மூக்கிலிருந்து வால் நுனிவரை இரண்டரை அடி, எடை ஒன்றரை கிலோ அளவில். முதுகில் மூன்று கோடு கிடையாது. சாம்பலும் பழுப்பும் கலந்த மயிர், அங்கங்கே நரைத்ததுபோல் வெள்ளை. இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை.

அடுத்தது, இது எங்கே வாழ்கிறது என்பது. மரத்தில் என்று சொன்னால் பாதிப் பதில்தான். மரங்களின் உச்சியில் கிளையும் கிளையும் கோத்துக்கொண்டு பந்தல் போட்டிருக்கும் பரப்பை விதானம் என்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் ஒரு மொட்டைமாடியில் ஏறினால், தெருவில் கால் வைக்காமலே கடைசி வீடுவரை போய்விடலாம் அல்லவா? அணிலுக்கு விதானம் அப்படி. நடுவில் ஒரு வீட்டை இடித்துவிட்டால் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். கீழே நாய் இருக்கிறது, வண்டி இருக்கிறது.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம். காட்டை மரக்கணக்கில் அளக்கிறோம். "ஒரு மரம் போனால் என்ன, பத்துக் கன்று நட்டுவிடலாம்" என்கிறோம். அணிலுக்கு எண்ணிக்கை முக்கியமே இல்லை. எந்த மரம் எந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஓடைக்கரையில் நூறு மரம் நிற்கட்டும். நடுவில் இருக்கும் நாலு பெரிய மரங்களை எடுத்துவிட்டால், மிச்சம் தொண்ணூற்றாறும் இரண்டு தீவுகளாகிவிடும். இன்று நடும் கன்று கிளை பரப்பிப் பக்கத்து மரத்தைத் தொடுவதற்குள் எத்தனை அணில் தலைமுறை போய்விடும்!

அதன் கூட்டைப் பார்த்தாலே இது புரியும். இலையும் சுள்ளியும் சேர்த்துக் கட்டிய உருண்டை. ஒரே அணில் பல கூடு கட்டும், அதுவும் பக்கத்து மரங்களின் தலை தொட்டுக்கொள்ளும் இடமாகப் பார்த்து. கழுகு வந்தால் எந்தப் பக்கமும் தப்பி ஓடலாம். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் ஜே. ஜோஷ்வாவும் இந்த அணிலைப் பற்றி 1990களில் எழுதிய ஆய்வுகளிலும் இந்த விதானம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தைப் பக்கத்து மேகமலைச் சரணாலயத்தோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். வைகைக்குத் தண்ணீர் தரும் மலைகள் இதற்குள் வருகின்றன. அணிலுக்கென்று காத்த காட்டில் யானை, வரையாடு, சிங்கவால் குரங்கு எல்லாம் இருந்தன. இப்போது பெயர்ப்பலகையில் புலி ஏறிக்கொண்டது. அணிலுக்கு அதில் வருத்தம் இருக்காது.

ஆனால் அணிலுக்குக் காப்பக எல்லை தெரியாது. அடிவாரத்துத் தனியார் மாந்தோப்பும் புளியமரமும் அதற்குக் காட்டின் தொடர்ச்சிதான். நாம் வாங்கும் சப்பட்டை மாம்பழம் காய்க்கும் தோப்புகளும் இந்த அடிவாரத்தில்தான். கிழட்டு மாமரத்தை எடுத்துவிட்டுத் தென்னை வைப்பது தோப்புக்காரருக்கு லாபமாக இருக்கலாம். தென்னைக்கு ஓலை உண்டு, கோத்துக்கொள்ளக் கிளை கிடையாது. அந்த மாமரத்தை நிறுத்திவைக்க வனத்துறை அவருக்கு என்ன கொடுக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இனிப் பேசவேண்டியிருக்கிறது.