புது பேட்டரி வாங்குமுன் ஒயரைப் பாருங்கள்



நம்மில் பலர் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய சொந்த லாரியிலோ மினி லாரியிலோதான் சரக்கு ஏற்றுகிறோம். விடியற்காலையில் மண்டிக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும், இன்ஜின் சுற்றாது. "பேட்டரி போச்சு முதலாளி" என்பார் டிரைவர். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுசு மாட்டுவோம். சில வாரம் கழித்து அதே சத்தம் திரும்பவும் கேட்கும். பல சமயம் கோளாறு பேட்டரியில் இல்லை. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கனமான கேபிளிலும், எர்த் இணைப்பிலும்தான் இருக்கிறது.

இதை நம் வியாபாரக் கணக்குப் போலவே போட்டுப் பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 200 ஆம்பியர் கரண்ட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிள் முனையில் துரு ஏறி, ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே வீணாகிவிடும். 12 வோல்ட் வண்டியில் 2 வோல்ட் போனால் மிச்சத்தில் இன்ஜின் எப்படிச் சுற்றும்? வீணாகும் அந்த 400 வாட், நான்கு 100 வாட் குண்டு பல்பின் சூட்டை ஒரே இடத்தில் வைத்ததுபோல் அந்த முனையைச் சுடவைக்கும்.

கேபிள் கெடுவது எப்படி?

ஒன்று, ஆசிட் ஆவி. டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சை, நீலமாகவும் பூத்திருப்பது இதனால்தான். இந்த அரிப்பு ரப்பர் உறைக்குள்ளும் ஏறிச் செம்புக் கம்பியைக் கறுக்க வைக்கும்; வெளியே பார்த்தால் தெரியாது.

இரண்டு, உராய்வு. கிளாம்ப் கழன்ற கேபிள் சேஸிஸ் விளிம்பில் உரசி, உறை கிழியும்.

மூன்று, எலி. அரிசி, பருப்பு, புண்ணாக்கு ஏற்றும் நம் வண்டிகளைத் தேடி எலி வருவது உங்களுக்கே தெரியும். தானியம் தின்ற பிறகு அது பல்லைத் தேய்க்க ஒயரைக் கடிக்கும்.

இதில் உறை கிழிவதுதான் பெரிய ஆபத்து. விளக்கு, ஹாரன் ஒயர்களுக்கு ஃபியூஸ் உண்டு. பழைய வண்டிகளில் செல்ஃப் கேபிளுக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. உறை கிழிந்து செம்பு சேஸிஸைத் தொட்டால் பேட்டரியின் முழுச் சக்தியும் அங்கே பாய்ந்து தீப்பிடிக்கும். பின்னால் சாக்கும் எண்ணெய் டின்னும் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

சோதிப்பது எப்படி?

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. அடுத்து, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி டீசலை நிறுத்தி, டிரைவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அதே நேரம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் தூணிலும், மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பிளஸ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே இதேபோல் பாருங்கள். இரண்டு பேட்டரி தொடராக உள்ள 24 வோல்ட் லாரியில் முதலில் சொன்ன பேட்டரி அளவுகளை இரட்டிப்பாகக் கொள்ளவும்.

சரிசெய்வது எப்படி?

1. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வெடிக்கும் வாயு வரும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

2. டெர்மினல் பூப்பைப் போக்க நம் கடையில் விற்கும் சமையல் சோடாவே போதும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலந்து பிரஷ்ஷால் தேய்க்கவும். பேட்டரி மூடி வழியே உள்ளே போகக் கூடாது. கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவவும்.

3. கறுத்துப்போன கம்பியை முனை மட்டும் வெட்டி ஒட்டவைக்க வேண்டாம். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். நீளம் போதாவிட்டால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். புதுசு பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது.

4. முனைக்குச் செம்பு லக் போட்டு, அதற்குரிய கருவியால் நசுக்கி இறுக்கச் சொல்லுங்கள். சுத்தியால் தட்டியதும், வெறும் ஈயம் ஊற்றியதும் லாரியின் அதிர்வில் நாளடைவில் விட்டுப்போகும்.

5. எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட், துருவைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கவும். சேஸிஸ் ஓட்டை வழியே போகும் கேபிளுக்கு ரப்பர் வளையம் போட்டு, தொங்காதபடி கிளாம்ப் செய்யவும்.

செய்யக் கூடாதவை இரண்டு. முறுக்கி டேப் சுற்றிய கனமான கேபிளை வைத்துச் சரக்கு ஏற்றாதீர்கள். போன ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியோ சிகரெட் ஜரிகைத் தாளோ சொருகாதீர்கள். ஒயர் வெந்துதான் நிற்கும்.

இன்னொன்று. லாரிக்கு எடுத்த இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் சரக்குக்கு அல்ல. சரக்குக்குத் தனிப் பாலிசி வேண்டும். அது இல்லாமல் வண்டி எரிந்தால் நஷ்டம் நம் தலையில்தான்; அடுத்தவர் சரக்கு என்றால் கடனும் சேரும்.

அமாவாசைக்கு வண்டியைக் கழுவிப் பூசை போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அன்றைக்கே பானெட்டைத் திறந்து கேபிளைக் கையால் தடவிப் பார்த்து, டெர்மினலை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள்; கிழிந்திருந்தால் அன்று வண்டியை எடுக்க வேண்டாம், ஆட்டோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் ஓட்டம் போனால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம்.