துப்பாக்கி ஓய்ந்த ஊர்கள் – 9: சம்பளப் பட்டியலும் சோதனைச் சாவடியும்

2010 ஜூலை 18. பாக்தாத்துக்குத் தென்மேற்கே ரத்வானியா என்ற இடத்தில், ராணுவ முகாம் ஒன்றின் அருகே காலையிலேயே ஆண்கள் வரிசையில் நின்றார்கள். அன்று அவர்களுக்குச் சம்பள நாள். உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்த ஒருவன் அந்த வரிசைக்கு அருகில் வெடித்துச் சிதறினான். 40 பேருக்கு மேல் செத்தார்கள். போர்க்களத்தில் அல்ல, மாதக் கூலி வாங்க நின்ற இடத்தில்.

அவர்கள் ‘சஹ்வா’ படையினர். இராக்கின் அன்பார் மாகாணத்தில் அல்-காய்தாவின் கொடுமை தாங்காமல் சுன்னி குலத் தலைவர்களே திருப்பி அடிக்கத் தொடங்கியதில் பிறந்த படை அது. 2006 செப்டம்பரில் ரமாதியில் ஷேக் அப்துல் சத்தார் அபு ரிஷா மற்ற ஷேக்குகளைக் கூட்டி அமெரிக்கர்களோடு கைகோத்தார். அடுத்த ஆண்டு அதே செப்டம்பரில் தன் வீட்டருகிலேயே குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். ஆனாலும் அவர் போட்ட பாதை மற்ற மாகாணங்களுக்கும் பாக்தாத் பேட்டைகளுக்கும் பரவியது. உச்சத்தில் ஏறத்தாழ 1 லட்சம் பேர். ஆளுக்கு மாதம் சுமார் 300 டாலர். தங்கள் தெருவிலேயே சாவடி போட்டுத் தாங்களே காவல் நின்றார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தப் பையன் ராத்திரியில் காணாமல் போகிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியூர்ச் சிப்பாய்க்கு அது ஒருநாளும் தெரியாது. அன்பாரில் வன்முறை வேகமாகச் சரிந்ததில் இந்த உள்ளூர் அறிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

2008 அக்டோபரிலிருந்து அமெரிக்கர்கள் இந்தப் படையை இராக் அரசிடம் படிப்படியாக ஒப்படைத்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு பேரைப் போலீஸிலும் ராணுவத்திலும் சேர்ப்பது, மற்றவர்களுக்கு வேறு அரசு வேலை தருவது என்பதுதான் பேச்சு. பிரதமர் நூரி அல்-மாலிக்கியின் அரசுக்கு அவர்கள்மேல் நம்பிக்கையே இல்லை. அதற்குக் காரணமும் இருந்தது. நேற்றுவரை அரசை எதிர்த்துச் சுட்டவர்களும், பக்கத்துத் தெரு ஷியா குடும்பங்களை விரட்டியவர்களும் அந்தப் படையில் கலந்திருந்தார்கள். அதற்காக எல்லோரையும் ஒரே தட்டில் வைத்ததுதான் பிழை. சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. தலைவர்கள் சிலர் கைதானார்கள். சொன்ன வேலையும் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. அல்-காய்தா அவர்களை மறக்கவில்லை. வீடு தேடிப்போய்க் கொன்றது. ரத்வானியாவில் நடந்ததும் அப்படிப்பட்ட பழிவாங்கல்தான்.

2014 ஜூனில் மொசூல், அதே அல்-காய்தாவின் வழிவந்த ஐ.எஸ். கையில் விழுந்தது. சஹ்வாவைக் கைவிட்டதால் மட்டும் அது விழவில்லை. அரசின் ராணுவமே ஊழலில் உளுத்துப்போயிருந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், யூப்ரடீஸ் கரையில் ஹீத் நகரை ஒட்டி வாழும் அல்பு நிம்ர் குலத்தார் ஐ.எஸ்ஸை எதிர்த்துத் தனியாக நின்றார்கள். ஆயுதம் அனுப்புங்கள் என்று பாக்தாத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேண்டிய அளவில் எதுவும் வந்து சேரவில்லை. ஊர் விழுந்த பிறகு அந்தக் குலத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஐ.எஸ். வரிசையாக நிறுத்திச் சுட்டது. நம்பி முன்வருபவனுக்கு அரசு என்ன செய்யும் என்பதை மற்ற குலங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

சஹ்வாவுக்கு நடந்ததற்கு நேரெதிரானது அடுத்த படைக்கு நடந்தது. மொசூல் விழுந்த மூன்றாம் நாள், ஷியா பெருங்குரு அயத்துல்லா அலி அல்-சிஸ்தானி, ஆயுதம் ஏந்த முடிந்தவர்கள் அரசின் பாதுகாப்புப் படைகளில் சேர வேண்டும் என்று அறிவித்தார். அரசுப் படைகளில் என்றுதான் அவர் சொன்னார். கிளம்பியவர்களில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்ததோ ஏற்கெனவே இருந்த ஆயுதக் குழுக்களிடம். பத்ர், அசாயிப் அஹ்ல் அல்-ஹக், கதாயிப் ஹிஸ்புல்லா எனப் பல குழுக்கள் ‘ஹஷ்த் அல்-ஷாபி’ என்ற ஒரே பெயருக்குள் வந்தன. அவர்கள் போரிட்டார்கள், ஆயிரக்கணக்கில் உயிர் கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் அவர்களைக் குறைகூறுவது நியாயமில்லை. 2016 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஹஷ்தை அரசின் படை என்றே ஆக்கியது. இன்று அதன் சம்பளப் பட்டியலில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

சஹ்வாவுக்குக் கிடைக்காத சம்பளம் ஹஷ்துக்குக் கிடைத்தது. ஆனால் சம்பளம் கொடுக்கும் கைக்கும் உத்தரவு போடும் வாய்க்கும் தொடர்பில்லை. பல படையணிகள் இன்றும் தங்கள் பழைய தலைவரின் பேச்சைத்தான் கேட்கின்றன.

இதற்கு ஓர் உதாரணம், மொசூலுக்குக் கிழக்கே, எர்பில் போகும் சாலையில் இருக்கும் பர்தெல்லா. ஐ.எஸ். வருவதற்குமுன் கிறிஸ்தவர்கள் பெருமளவில் வாழ்ந்த ஊர். சுற்றிலும் ஷபக் இன மக்களின் கிராமங்கள். 2014 ஆகஸ்டில் இரு தரப்பாரும்தான் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். 2016 அக்டோபரில் ஊர் மீட்கப்பட்ட பின், ஷபக் இளைஞர்களைக் கொண்ட ஹஷ்தின் 30ஆவது படையணி அங்கே சாவடிகளைப் பிடித்தது. திரும்பி வரலாமா என்று யோசித்த கிறிஸ்தவக் குடும்பங்களில் பல, அந்தச் சாவடியைப் பார்த்த பிறகு எர்பிலிலேயே தங்கிவிட்டன. ஷபக்குகளின் பயமும் பொய்யல்ல: மறுபடி ஒரு ராத்திரி எல்லோரும் விட்டுவிட்டு ஓடினால் எங்களை யார் காப்பார்கள் என்று கேட்கிறார்கள். 2019இல் பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி, அந்தப் படையணி விலக வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆகஸ்டில் அதன் ஆதரவாளர்கள் மொசூல்–எர்பில் சாலையை மறித்து டயர் கொளுத்தினார்கள். அரசு பின்வாங்கியது.

சாவடியை விட ஏன் மனம் வருவதில்லை என்பதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. சாவடி என்றால் வசூல். சிமென்ட் லாரியோ காய்கறி லாரியோ, நிறுத்தி மாமூல் வாங்காமல் விடுவதில்லை என்பது அந்த வட்டாரத்து வியாபாரிகளின் தீராத புகார். மொசூலின் இடிபாடுகளில் கிடந்த எரிந்த கார்களும் கட்டடக் கம்பிகளும் காயலாங்கடை இரும்பாகி லாரி லாரியாக வெளியே போயின. அந்த வியாபாரத்திலும் ஆயுதக் குழுக்களின் கை ஓங்கியிருந்தது. வீடிழந்தவனின் வீட்டுக் கம்பியில்கூட அவனுக்குப் பங்கில்லை!

சாவடியில் காட்டவேண்டிய தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பவும், தொலைந்த அடையாள அட்டையைப் புதிதாக வாங்கவும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். கணவனோ மகனோ ஐ.எஸ்ஸில் சேர்ந்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த அனுமதி கிடைக்காது. கட்டிய கணவன்மேல் தாங்களே நீதிபதி முன் புகார் கொடுத்து, அந்தத் தாளைக் காட்டினால்தான் பல பெண்களுக்கு வழி திறந்தது. அட்டை இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளியும் குடும்பத்துக்கு ரேஷனும் சிக்கலாகும். குண்டு வெடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு வட்டாரம் பாதுகாப்பாகிவிட்டது என்று கணக்கெழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. யார் திரும்பினார்கள், யார் திரும்ப முடியவில்லை என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஜுர்ஃப் அல்-சகரை எந்தக் கணக்கில் எழுதுவது? பாக்தாத்துக்குத் தெற்கே யூப்ரடீஸ் கரையோரம், பேரீச்சந் தோப்புகள் நிறைந்த சுன்னி வட்டாரம் அது. கர்பலா போகும் ஷியா யாத்ரீகர்களை அங்கிருந்து தாக்கினார்கள் என்பது உண்மை. 2014 அக்டோபரில் ஐ.எஸ்ஸிடமிருந்து அதை மீட்டார்கள். இராக் மண்ணில் ஐ.எஸ். முதலில் இழந்த ஊர்களில் ஒன்று. பெயரை ‘ஜுர்ஃப் அல்-நஸ்ர்’ என்று மாற்றினார்கள். ஓடிப்போன பல்லாயிரம் பேரை மட்டும் திரும்ப விடவில்லை. பத்தாண்டுக்கு மேலாக அது கதாயிப் ஹிஸ்புல்லாவின் பிடியில் இருக்கிறது. 2022இல் முகமது ஷியா அல்-சுடானியின் அரசு அமைந்தபோது, அந்த மக்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது சுன்னி கட்சிகள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று. 2025இல் ஹஷ்துக்கெனப் புதுச் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து, அமெரிக்க எதிர்ப்புக்கிடையே ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஊர்க்காரர்களின் தோப்புகள் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை.

அடுத்த வாரம் யாசிதிகளின் சிஞ்சார் மலைக்குப் போவோம். உள்ளூர் ஆட்கள் 2,500 பேரைக் காவலுக்கு எடுப்பது என்று 2020 அக்டோபரில் பாக்தாத் அரசும் எர்பிலில் உள்ள குர்து அரசும் சிஞ்சாருக்கென ஓர் ஒப்பந்தம் போட்டன. அது ஏன் தாளிலேயே தங்கிவிட்டது என்று பார்க்கலாம்.