வரிசையும் முன்னுரிமையும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே, கூடலூரிலிருந்து தேனியை நோக்கி நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்று நீரை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் அரும்பணி, பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் தலைமையில் 1887ஆம் ஆண்டில் தொடங்கி 1895இல் நிறைவெய்தியது. அந்நீரால் இப்பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அதில் உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கரும், தேனி வட்டத்தில் 2,412 ஏக்கரும், போடிநாயக்கனூர் வட்டத்தில் 488 ஏக்கரும் அடங்கும்.

அணையில் நீர் இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பங்கிடும் முறையும் வேண்டும். அண்மை ஆண்டுகளில் முதல்போகத்திற்கு நீர் திறக்கும்போது, பாசனத்திற்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி என வகுத்து விடுவது வழக்கமாயிருக்கிறது. அணையில் நீர் மிகுந்தால் பதினெட்டாம் கால்வாய்க்கும் பங்கு கிடைக்கும். குறைந்தால் அக்கால்வாய் காத்திருக்கும். எதற்கு முதலிடம், எதற்கு எவ்வளவு, எது காத்திருக்கலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. வெள்ளம் பெருகும் நாளில் இவ்வொழுங்கின் அருமை எவர்க்கும் புலப்படுவதில்லை. நீர் குறையும் நாளிலேயே அது விளங்கும்.

இன்று இப்பள்ளத்தாக்கில் மற்றுமோர் ஓட்டமும் உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாத செய்தியோட்டம். கைப்பேசிக் கோபுரங்களும் கண்ணாடியிழை வடங்களும் அதற்குக் கால்வாய்களாம். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் நோக்குடன் 2018ஆம் ஆண்டில் தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பெற்றது. தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளும் அவற்றுள் அடங்கும். பேச்சும் படமும் கடிதமும் கணக்கும் இத்தகைய வழிகளிலே ஒருங்கே ஓடுகின்றன. நீருக்கு எழுந்த மூன்று வினாக்களும் இச்செய்திக்கும் எழுகின்றன. அவற்றிற்கு விடை காணும் முறையே ‘சேவைத் தரம்’ எனப்படும்.

இவ்வழிகளிற் பெரும்பாலானவற்றில் செய்தியைக் கொண்டு செல்லும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அண்டமெங்கும் நிறைந்து ஒளியைத் தாங்கி நிற்கும் நுண்பொருள் ஒன்று உண்டு எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் கருதி, அதனை ஈதர் என்றனர். 1887இல் மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் நுட்பமாக ஆராய்ந்தும் அதன் சுவடு காணப்படவில்லை. பொருள் பொய்த்ததாயினும் பெயர் பிழைத்தது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்திற் பணியாற்றிய ராபர்ட் மெட்காஃப், கணிப்பொறிகள் பலவற்றிற்கும் பொதுவாக அமையும் ஓர் இணைப்பு முறையைக் கருதி, அதற்கு அப்பெயரைச் சூட்டினார். டேவிட் பாக்ஸ் என்பாருடன் சேர்ந்து அதனை அவர் நடைமுறைக்கும் கொணர்ந்தார்.

பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசத் தொடங்கினால் பேச்சு முடியும்வரை அவர்களுக்கென ஒரு வழி ஒதுக்கப்பட்டிருந்தது. பிறர் எவரும் அதிற் புக இயலாது. ஈதர்நெட்டின் இயல்போ வேறு. அதில் ஒவ்வொரு செய்தியும் சிறுசிறு பொதிகளாகக் கட்டப்படுகிறது. பொதி ஒன்று பொதுவாக 1,500 பைட்டு வரை செய்தியைத் தாங்கும். எல்லார் பொதிகளும் ஒரே வழியிற் செல்கின்றன. வழி சந்திக்கும் இடங்களில் சுவிட்சு என்னும் கருவி நின்று, பொதியின் மேலுள்ள முகவரியை நோக்கி உரிய திசையில் அனுப்புகிறது. வரும் பொதிகள் மிகுந்து, செல்லும் வழி நிறைந்துவிட்டால், பொதிகள் கருவியின் நினைவகத்தில் வரிசையாகக் காத்து நிற்கும். அவ்விடமும் நிரம்பினால், பின்வரும் பொதிகள் கைவிடப்படும். முந்தி வந்தது முந்திச் செல்லும் என்பதன்றி வேறு முறை ஈதர்நெட்டிற்குப் பிறப்பில் இல்லை. தொலைபேசிப் பேச்சும் அவ்வழியில் ஏறியபோதுதான், இம்முறை போதாது என்பது தெளிவாயிற்று.

கடிதம் ஒரு விநாடி தாழ்ந்து சேர்வதால் இழப்பொன்றுமில்லை. பேச்சு அத்தகையதன்று. பேசுவோரின் குரல் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பொதியாக, விநாடிக்கு 50 பொதிகளாகக் கட்டி அனுப்பப்படுகிறது. ஒருவர் வாயினின்று புறப்பட்ட சொல் 150 மில்லி விநாடிக்குள் மற்றவர் செவியை அடையுமாயின் உரையாடல் இயல்பாக அமையும் எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டு நெறி கூறுகிறது. மேலும், பொதிகள் ஒரே இடைவெளியில் வந்து சேர்தல் வேண்டும். ஒன்று விரைந்தும் மற்றொன்று தாழ்ந்தும் வருமாயின் பேச்சு உடைந்து ஒலிக்கும்.

இத்தாமதம் தூரத்தால் விளைவது என்று பலர் எண்ணுவர். கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். தேனிக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க அதற்கு அரை மில்லி விநாடியும் வேண்டுவதில்லை. தாமதம் பெரிதும் விளையுமிடம் வரிசையே. விநாடிக்கு 1 கோடி பிட் செல்லத்தக்க வழி ஒன்றைக் கருதுக. அதன் வாயிலில், ஒவ்வொன்றும் 1,500 பைட்டு அளவுள்ள 100 பொதிகள் நிற்கின்றன. அவற்றின் பின்னே வந்து நிற்கும் குரற்பொதி 120 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். பேச்சுக்குரிய 150 மில்லி விநாடியில் பெரும்பகுதி ஒரே வாயிலில் கழிந்துவிடும். அதே குரற்பொதிக்கு முன்னுரிமை தரப்பட்டால், அப்போது சென்றுகொண்டிருக்கும் ஒரு பொதி முடியும்வரை நின்றாற் போதும். அதற்கு ஆவது 1.2 மில்லி விநாடியே. வழி அகலவில்லை, விரைவு கூடவுமில்லை, வரிசை மட்டுமே மாறியது. விளைந்த பயனோ நூறு மடங்கு!

வழியைப் போதிய அளவு அகலமாக்கிவிட்டால் வரிசையே நேராதே என்று வினவலாம். அகலமாக்கல் இன்றியமையாததே, ஆயினும் எந்நாளும் எவ்விடத்தும் அது இயலுவதன்று. வடம் செல்ல இயலாத மலைச்சரிவுகளில், கோபுரத்திற்குக் கோபுரம் நுண்ணலைகளால் செய்தி அனுப்புவர். கனமழை பெய்யும்போது, உயர்ந்த அதிர்வெண் கொண்ட நுண்ணலைகள் வலுவிழக்கும். அப்போது கருவி அறவே நின்றுபோகாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அகன்ற வழி அந்நேரத்தில் குறுகிவிடும். தென்மேற்குப் பருவமழையின்போது மலைச்சாலையில் மண் சரிந்து, ஒருவர் 108 என்னும் எண்ணை அழைக்கிறார் என்று கொள்க. வழி குறுகிய அதே வேளையில்தான் அவ்வழைப்பும் வருகிறது. ஊரார் பார்க்கும் திரைப்படத்தின் பொதிகளுக்குப் பின்னே அக்குரல் நின்று தேய்ந்துபோவதா, முன்னே செல்வதா என்பதை முடிவு செய்வது, மழைக்கு முன்னரே கருவியிற் செய்துவைத்த அமைவேயாகும்.

அவ்வமைவு நான்கு படிகளை உடையது. முதற்படி வகைப்படுத்தல். வலையமைப்பின் வாயிலில் வந்து புகும் பொதி குரலா, படமா, பொதுச் செய்தியா என்று கருவி பிரித்தறிய வேண்டும். இரண்டாம் படி குறியிடல். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ‘802.1 கியூ’ என்னும் நெறி, ஈதர்நெட் பொதியின் தலைப்பில் 4 பைட்டு அளவுள்ள ஒரு சீட்டைச் சேர்க்க வகை செய்தது. அச்சீட்டில் 3 பிட்டுகள் முன்னுரிமைக்கு உரியவை. மூன்று பிட்டுகளால் 0 முதல் 7 வரை எட்டு எண்களைக் குறிக்கலாம். பெரும்பாலும் 5 குரலுக்கும், 6, 7 ஆகியவை வலையமைப்பையே நடத்தும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும், 0 பொதுச் செய்திகளுக்கும் வழங்கப்படுகின்றன. வழியிலுள்ள பிற கருவிகள் பொதியைப் பிரித்து ஆராயாமல், இவ்வெண்ணை மட்டும் நோக்கி நடந்துகொள்ளும்.

மூன்றாம் படி அளவு காத்தல். ஒவ்வொருவர்க்கும் உறுதி செய்த வேகம் இவ்வளவு என்று வரையறுத்து, அதனை மீறாமற் காப்பது இது. ஒரு கலத்தில் அனுமதிச் சீட்டுகள் சீரான வேகத்தில் விழுவதாகக் கொள்வர். ஒவ்வொரு பொதியும் தன் அளவிற்கேற்பச் சீட்டுகளை எடுத்துக்கொண்டே செல்லலாம். சிறிது நேரம் வாளாவிருந்தவர்க்குச் சீட்டுகள் கலத்தின் கொள்ளளவு வரை சேர்ந்திருக்கும். அவர் பின்னர்ச் சற்று விரைந்தும் அனுப்பலாம். சீட்டுத் தீர்ந்தபின் வரும் பொதி கைவிடப்படும். அல்லது தாழ்ந்த குறி பெற்றுச் செல்லும்.

நான்காம் படி வரிசையிட்டு வழங்கல். ஒரே வரிசைக்கு மாறாக, வகைக்கு ஒன்றாகப் பல வரிசைகளை அமைப்பர். குரல் வரிசையில் பொதி இருக்கும்வரை பிற வரிசைகள் நிற்க வேண்டும் என்பது கண்டிப்பான முன்னுரிமை. ஏனைய வரிசைகளுக்கு நான்கு பங்கு, இரண்டு பங்கு, ஒரு பங்கு என்றாற்போல விகிதம் வகுத்து, மாறி மாறி வழிவிடுவர். கண்டிப்பான முன்னுரிமைக்கு உச்ச வரம்பும் விதிக்க வேண்டும். விதியாவிடில், முதல் வரிசை பெருகுங்காலத்தில் கடைசி வரிசை ஒரு பொதியும் செல்லாமல் வறண்டுபோகும். தலைமடை நிறையக் கடைமடை காய்வது எந்நாளும் முறையாகாது.

இவ்வமைவில் நேரக்கூடிய பிழைகள் இரண்டு. எல்லாப் பொதிக்கும் உயர்ந்த எண்ணையே இடுவது ஒன்று. அனைவரும் முதல்வராயின், மீண்டும் ஒரே வரிசைதான் எஞ்சும். இது பற்றியே, பயன்படுத்துவோர் தாமே இட்டு அனுப்பும் குறியை வாயிற்கருவி நம்பிவிடாது, விதிப்படி திருத்தி இடுமாறு அமைப்பர். இடையிலுள்ள ஒரு கருவியை அமையாது விடுவது மற்றொன்று. பத்துக் கருவிகளில் ஒன்பது குறியை மதித்து, ஒன்று மட்டும் மதியாமற் போயின், நெரிசலின்போது குரல் அவ்வொன்றினிடத்தே சிக்கும். ஒரு நிறுவனத்தின் வழி முடிந்து மற்றொன்றின் வழி தொடங்கும் எல்லையில், இருவர் குறிகளும் ஒத்துள்ளனவா என்று பார்ப்பதும் கடமையாகும்.

இதன் பயன் பேச்சுக்கு மட்டும் உரியதன்று. போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியிலும் ஏலக்காய் ஏல மையங்கள் உள்ளன. இரு மையத்து வணிகரும் ஒரே ஏலத்தில் ஒருங்கே விலை கூறத்தக்க மின்னணு முறையை 2021ஆம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியம் தொடங்கிற்று. இத்தகைய ஏலத்தில் விலை கூறும் செய்தி மிகச் சிறியது. ஆனால் காலத்தாற் சேர வேண்டியது. அது வரிசையில் நின்றுவிட்டால், கூற நினைத்த விலை கூறாததாகவே முடியும். உழவன் பெறத்தக்க விலையும் குறையக்கூடும். பொருளின் அளவு சிறிதாயிருப்பதனால் அதன் தேவையும் சிறிது எனக் கொள்ளலாகாது என்பதை இஃது உணர்த்துகிறது.

முன்னுரிமை என்னும் சொல் ஓர் ஐயத்தையும் எழுப்பும். செல்வர் பொதிக்கு ஒரு வழியும் எளியவர் பொதிக்கு ஒரு வழியும் என்று ஆகிவிடாதா? இவ்வினா இந்தியாவில் நெடிது ஆராயப்பட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் தந்த பரிந்துரைகளை ஏற்று, 2018இல் மைய அரசு இணையச் சமநிலையை உறுதி செய்தது. இணையச் சேவை வழங்குவோர் செய்திகளிடையே வேறுபாடு காட்டித் தடுத்தலோ தாழ்த்தலோ கூடாது என்பது அதன் சாரம். நெரிசலை ஒழுங்குபடுத்தும் நேரிய ஏற்பாட்டிற்கும் நெருக்கடிக் காலச் சேவைக்கும் அதில் இடமுண்டு. முன்னுரிமை ஆளின் உயர்வு தாழ்வு நோக்காது, செய்தியின் இயல்பு நோக்கித் தரப்படும்போதே அறமாகும்.

மடை நீரை உண்டாக்குவதில்லை. உள்ள நீரை முறையாகச் செலுத்துகிறது. சேவைத் தரமும் புதிய வழியை உண்டாக்குவதில்லை. உள்ள வழியில் தாமதம் பொறாததை முன்னே விட்டு, பொறுப்பதைப் பின்னே நிறுத்தி, பின்னே நிற்பதற்கும் அதன் பங்கை அளிக்கிறது. கருவி தானாக எதனையும் பெரிதென்றோ சிறிதென்றோ அறியாது. அதனை அமைக்கும் மனிதனே அறிந்து சொல்ல வேண்டும். ஆதலின் இக்கலையைப் பயில்வார்க்குக் கணக்கறிவோடு நடுவுநிலையும் வேண்டும். நெரிசல் வந்தபின் முறையை எண்ணிப் பயனில்லை. வருமுன் வகுத்துவைத்த முறையே இடர் நேர்ந்த பொழுதில் ஓர் உயிரின் குரலை உரிய செவியிற் சேர்க்கும்.