செம்பருத்தியின் இலைகள் உதிர்வதேன்?



மலேசியாவின் தேசிய மலர் செம்பருத்தி என்பதை அனைவரும் அறிவோம். மலாய்மொழியில் இதனைப் ‘புங்கா ராயா’ என்பர். 1960ஆம் ஆண்டில், மலாயாக் கூட்டரசாக இருந்தபோதே, இம்மலர் அச்சிறப்பினைப் பெற்றது. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளை இதன் ஐந்து இதழ்கள் குறிப்பதாகவும் கூறுவர். தோட்டத்து வீடுகளின் வாசலிலும், அடுக்குமாடி வீடுகளின் சன்னலோரத்திலும் பலர் இச்செடியைத் தொட்டியில் வைத்து வளர்க்கின்றனர். ஆயினும், பசுமையாக நின்ற செடி திடீரென மஞ்சளித்து இலைகளைக் கொட்டுவதைக் கண்டு வருந்துவோர் பலர். இஃது ஏன் நிகழ்கிறது? இதனைத் தடுக்கும் வழி யாது?

இலை எவ்வாறு உதிர்கிறது?

இலை தானாக ஒடிந்து விழுவதில்லை. செடியே அதனைக் கழற்றி விடுகிறது. நலமாக உள்ள இலையிலிருந்து ஆக்ஸின் எனும் வளர்ச்சிப்பொருள் காம்பின் வழியே வந்துகொண்டிருக்கும். இலை முதிர்ந்தாலோ துன்புற்றாலோ அதன் வரவு குறையும்; எத்திலீன் எனும் வாயு மிகும். அப்போது காம்பின் அடியில் உள்ள மெல்லிய படலத்தின் உயிரணுக்கள் ஒன்றைவிட்டொன்று பிரியும். பிறகு சிறு காற்றே இலையை வீழ்த்தப் போதுமானது. பால்மரத்தில் பால் மிகுதியாக வடியப் பூசப்படும் எத்தெபோன் எனும் மருந்தும் இதே எத்திலீனை வெளியிடுவதாகும்.

பால்மரம் ஆண்டுதோறும் வறண்ட பருவத்தில் இலைகளை உதிர்த்துப் பின் தளிர்ப்பதைத் தோட்ட மக்கள் நன்கறிவர். அஃது அம்மரத்தின் இயல்பு. செம்பருத்தியோ நம் தட்பவெப்பத்தில் என்றும் பசுமையாக இருக்கும் செடியாகும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒன்றிரண்டு உதிர்ந்தால் கவலை வேண்டா. இலைகள் கூட்டமாகக் கொட்டினால் மட்டும் அதனைச் செடியின் முறையீடாகக் கொள்ள வேண்டும்.

நீரும் வேரும்

தொட்டிச் செடியின் இலையுதிர்வுக்கு அடிக்கடி காரணமாவது நீரேயாகும். நீர் குறைந்தாலும் இலை வாடும், மிகுந்தாலும் வாடும். மண் எந்நேரமும் சேறாக இருந்தால் வேருக்குக் காற்று கிட்டாது. வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே, ஈரத்தில் நின்றபடியே செடி வாடுகிறது. அதனைக் கண்டு, தாகமென எண்ணி, மேலும் நீரூற்றுவோர் அன்பினாலேயே செடியைக் கொன்றுவிடுகின்றனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும் அன்றோ?

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. விரலை மண்ணில் ஓர் அங்குலம் அழுத்திப் பாருங்கள். உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை நீரூற்றுங்கள், ஈரமிருந்தால் நிறுத்துங்கள். களிமண்ணோடு மணலும் மக்கிய எருவும் கலந்தால் நீர் தேங்காது. வேர்கள் தொட்டி நிறையச் சுருண்டிருப்பின், சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுதல் நலம்.

தொட்டியின் அடித்தட்டில் நீர் நிற்கவிடுதல் பெரும் பிழை. அது வேரை அழுகச் செய்வதோடு, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டிலாகிறது. அக்கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரமே போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். செடியைக் காக்கும் இச்செயல் நம் பிள்ளைகளையும் காக்கும்.

ஒளி, பூச்சி, உரம்

செம்பருத்தி வெயிலை விரும்புவது. நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் கிடைத்தால் நன்கு பூக்கும். வெயிலில் இருந்த தொட்டியைத் திடீரென இருண்ட கூடத்திற்குள் கொண்டுசென்றால் இலைகள் உதிரும். இடம் மாற்ற நேரின், சில நாள்கள் அரைநிழலில் வைத்துச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

அடுத்து, இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி ஆகியவை அங்கே ஒளிந்து சாற்றை உறிஞ்சும். எறும்புகள் தண்டில் சாரை சாரையாக ஏறினால், அவை அப்பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரைத் தேடி வருவதாக இருக்கலாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிகுந்திருப்பின் மெல்லிய சவர்க்கார நீரை மாலைவேளையில் தெளியுங்கள்.

உரக் குறைவையும் இலையே காட்டும். முதிர்ந்த இலைகள் முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவாகலாம். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாயிருந்தால் இரும்புச்சத்துக் குறைவாகலாம். உரத்தைச் சிறிதளவாக, ஈரமண்ணில் இடுக. வேர் அழுகிய செடிக்கு உரமிடுதல், நோயாளிக்கு விருந்து படைத்தல் போன்றதாகும்.

முடிவாக

மஞ்சளான இலை மீண்டும் பச்சையாவதில்லை. ஆனால், காரணத்தை நீக்கினால் புதிய தளிர் தோன்றும். எனவே, இலை உதிரும்போது நீர்க்குவளையை எடுக்குமுன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மருந்தைத் தேடுமுன் இலையைப் புரட்டிப் பாருங்கள். மாணவர்களே! வாரம் ஒரு நாள் இப்பணியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். உற்றுநோக்கிக் காரணம் அறிந்து செயற்படும் பழக்கமே அறிவியலின் முதற்பாடமாகும்.