பூங்கா இடம் நம் ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது?



"பூங்காவா? அதெல்லாம் டவுன்காரங்களுக்கு. நமக்குத்தான் வயலும் தோப்பும் இருக்கே" என்று நம்மில் பல பேர் சொல்வது உண்டு. ஒரு காலத்தில் அது சரியான பேச்சுதான். இப்போது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். நெல் விளைந்த இடத்தில் கல் நட்டு, கலர் கொடி கட்டி மனை விற்கிறார்கள். ஆடு மேய்ந்த இடத்தில் கம்பி வேலி. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரிவாக்கியது. நம்ம கிராமம் கிராமம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பல ஊர்கள் நகரத்துக் கணக்குக்குள் போய்விட்டன.

ஊர் வளரட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடவும், வயசானவர்கள் சாயங்காலம் உட்காரவும், பெண்கள் நாலு பேர் கூடிப் பேசவும் ஒரு பொது இடம் மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. அது வீடெல்லாம் கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்கிற வேலை இல்லை. எப்போது செய்கிற வேலை என்று தெரிந்துகொள்ள நாம் மாம்பலம் வரை போய் வரலாம்.

ஒரு ரயில் பாதை, இரண்டு ஊர்

செங்கல்பட்டு லோக்கல் வண்டியில் பூவும் கீரையும் கட்டிக்கொண்டு போகிற பெண்களுக்கு மாம்பலம் ஸ்டேஷன் நன்றாகத் தெரியும். கிழக்குப் பக்கம் இறங்கினால் ரங்கநாதன் தெரு, தியாகராய நகர். மேற்குப் பக்கம் இறங்கினால் மேற்கு மாம்பலம். நடுவில் இருப்பது தண்டவாளம் மட்டும்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஊர் உருவான விதம் வேறு.

தியாகராய நகர் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. நீளமாகக் கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு 1923 முதல் 1925 வரை அந்த ஏரியை வடித்துத் தூர்த்து, வரைபடம் போட்டுப் புதுக் குடியிருப்பை உண்டாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பெயரை வைத்தார்கள். அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் முதலில் நடுவில் ஒரு பூங்காவைக் குறித்தார்கள். அதுதான் பனகல் பூங்கா. அங்கிருந்து உஸ்மான் ரோடு, ஜி.என். செட்டி ரோடு, வெங்கடநாராயணா ரோடு என்று சக்கரத்து ஆரம் மாதிரி சாலைகள் பிரியும். வெங்கடநாராயணா ரோட்டில் நடேசன் பூங்கா. பக்கத்திலேயே சோமசுந்தரம் மைதானம். நூறு வருஷம் ஆகிறது. சுற்றிலும் துணிக்கடை, நகைக்கடை என்று ஒரு சென்ட் இடம் கோடிக்கணக்கில் போகிறது. ஆனாலும் அந்தப் பூங்காக்கள் பொது இடமாகவே நிற்கின்றன. காரணம், அவை முதல் நாளிலேயே காகிதத்தில் ஏறிவிட்டன.

மேற்கே பாருங்கள். லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. இன்றைக்கு அங்கே ஏரியும் இல்லை, பார்வையும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம். மேற்கு மாம்பலத்தில் கிழக்கே போட்டதுபோல மொத்தமாக ஒரு திட்டம் போட்டு ஊர் எழும்பவில்லை. ஒரு வீடு, பக்கத்தில் ஒரு வீடு, அப்புறம் ஒரு சந்து என்று தானாகவே வளர்ந்தது. தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி வந்தபோது ஜனமும் பெருகியது. பூங்காவே இல்லை என்று சொல்லக்கூடாது. மாநகராட்சியின் சின்னப் பூங்காக்கள் சில உண்டு. ஆனால் பனகல் பூங்கா அளவுக்கு ஒரு இடம் வேண்டும் என்று இன்று கேட்டால், எந்தத் தெருவை இடித்து எடுப்பது? கோடி கோடியாகப் பணம் வைத்தாலும் முடியாது. பெரிய பூங்காவில் காலாற நடக்க நினைக்கிறவர்கள் துரைசாமி சுரங்கப்பாதை வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கேதான் போக வேண்டும். வயசானவர்களுக்கு அயோத்தியா மண்டபமோ கோயில் திண்ணையோதான் சாயங்கால இடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திட்டம் போட்ட கிழக்குப் பக்கமும் குறை இல்லாதது அல்ல. ஏரியில் கட்டிய ஊர் அது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர், மேற்கு மாம்பலம் இரண்டுமே தண்ணீரில் நின்றன. ஆகவே பூங்கா வேண்டும் என்பதற்காக நம் ஊர் ஏரியையோ குளத்தையோ தூர்க்கச் சொல்லி யாரும் கேட்டுவிடாதீர்கள். பூங்கா மண் மழைத்தண்ணீரைக் குடிக்கிற இடமாக இருக்க வேண்டும். சென்னை மாநகராட்சி இப்போது பூங்காவுக்குள் பள்ளம் எடுத்து மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறங்க வைக்கிறது. 'ஸ்பாஞ்ச் பார்க்' என்கிறார்கள். பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சுமாம். நம்ம பெரியவர்கள் ஊருணி வெட்டியது இதற்குத்தானே!

பத்தில் ஒரு பங்கு

சரி, நம் ஊருக்கு வருவோம். யாராவது நிலத்தை வாங்கி மனை போட்டால், அதில் பொதுவுக்கு இடம் விடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 என்று அதற்குப் பெயர். திறந்தவெளி ஒதுக்கீடு என்பது சட்டத்தின் வார்த்தை. ஆபீஸில் 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்பார்கள். அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது உதவும்.

கணக்கு இதுதான். மனை போடுகிற நிலம் 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 74 சென்ட்டுக்குள் இருந்தால் பூங்கா இடம் விடத் தேவையில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர் வரை இருந்தால், சாலை போக மீதி நிலத்தில் நூற்றுக்குப் பத்து விட வேண்டும், அல்லது அந்த இடத்துக்கு வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. இடமாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஐந்து ஏக்கரில் ஒருவர் மனை போடுகிறார் என்று வையுங்கள். சாலைக்கு ஒரு ஏக்கர் போனால் மீதி நாலு ஏக்கர். அதில் பத்தில் ஒரு பங்கு 40 சென்ட். ஏறக்குறைய 17,400 சதுர அடி! ஒரு சறுக்கு மரம், இரண்டு ஊஞ்சல், நாலு வேப்பமரம், பிள்ளைகள் பந்து விளையாட ஒரு திடல் எல்லாம் தாராளமாக வரும்.

அந்த இடத்தை மனை போடுகிறவர் தான பத்திரம் எழுதி உள்ளாட்சியின் பேருக்குப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். சாலைகளையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல். சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், மற்ற இடம் என்றால் நகர் ஊரமைப்பு அலுவலகமும் வரைபடத்தைப் பார்த்து எண் போடும். மனை வாங்கப் போகும்போது 'அப்ரூவ்டு' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது என்று திருப்திப்படாமல், அந்த எண்ணைக் கேளுங்கள், வரைபடத்தைக் கேளுங்கள். அதில் பச்சையாகவோ 'பார்க்' என்று எழுதியோ ஒரு கட்டம் இருக்கும். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், மறு வருஷம் வரன்முறைப்படுத்த விதிகள் வந்ததும் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்படி முதலில் அங்கீகாரம் வாங்காமல் வந்த மனைகளில் பூங்கா கட்டம் என்ற ஒன்றைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

கட்டம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பள்ளத்தில், மின்கம்பிக்கு அடியில், யாரும் போக முடியாத கோடியில் கொடுத்துவிட்டால் அது பூங்கா ஆகாது, குப்பைமேடுதான் ஆகும். வரைபடம் ஒப்புதலுக்குப் போகிற நேரத்தில் ஊர்க்காரர்கள் கவனித்தால்தான் உண்டு.

காகிதத்தில் இருந்து காணாமல் போகிறது எப்படி?

பூங்கா இடம் பறிபோவது பெரும்பாலும் சத்தம் இல்லாமல்தான் நடக்கும். தான பத்திரம் பதிவாகி இருக்கும், பட்டா மட்டும் பழைய ஆள் பேரிலேயே கிடக்கும். வேலி இருக்காது. பெயர்ப் பலகை இருக்காது. முதலில் ஒருவர் மாடு கட்டுவார், அப்புறம் செங்கல் இறக்குவார், அப்புறம் ஷெட் போடுவார். சில இடத்தில் 'ஊருக்கு நல்லதுதானே' என்று சொல்லிக் கட்டடமே கட்டிவிடுவார்கள். காலியாகக் கிடக்கிற பொது நிலம் என்றால் எல்லோருக்கும் கண். அவ்வளவு பெரிய பனகல் பூங்காவிலேயே மெட்ரோ ரயில் நிலைய வேலைக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்களே!

பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கம் என்ற குடியிருப்பில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி நல்ல காரியம் ஆயிற்றே என்று அங்கே குடியிருந்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1991-இல் தீர்ப்பு வந்தது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியாருக்கு மாற்றிக் கொடுத்தது செல்லாது; அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் அதைக் கேள்வி கேட்கலாம். இந்தத் தீர்ப்பு இன்றைக்கும் நமக்குத் துணை.

பெண்கள் வராத பூங்கா யாருக்கு?

இடம் கிடைத்து, காம்பவுண்டு கட்டி, ரிப்பன் வெட்டித் திறந்தும்கூட நம் பெண்கள் உள்ளே போகாத பூங்காக்கள் எத்தனையோ. உள்ளே சீட்டாட்டம், பாட்டில். லைட் எரியாது. கழிப்பறைக்குப் பூட்டு. வீட்டு வேலை முடித்துப் பெண்கள் வருகிற நேரத்தில் கேட்டை மூடிவிடுவார்கள். இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. ஆஸ்திரியா நாட்டுத் தலைநகர் வியன்னாவில் 1990-களில் ஆராய்ந்து பார்த்தார்கள். பத்து வயதைத் தொட்டதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைந்துபோனது தெரிந்தது. நடுவில் ஒரே பெரிய திடல், அதைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், பெண் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். ஒரே திடலைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள். வழியை அகலமாக்கினார்கள். கூட்டமாக உட்கார்ந்து பேச இடம் வைத்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. கேட்டுச் செய்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் பூங்கா வருகிறது என்றால் நாமும் முன்கூட்டியே சொல்லலாம். வெளியில் இருந்து உள்ளே தெரிகிற மாதிரி கம்பித் தடுப்பு வேண்டும், ஆள் உயரச் சுவர் வேண்டாம். ஒரே வாசல் வேண்டாம், இரண்டு வேண்டும். தண்ணீர்க் குழாய், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, வாசலில் லைட். செயற்கைப் புல்லும் சிமெண்ட் யானையும் இல்லாவிட்டால் பரவாயில்லை. புங்கை, வேம்பு, மகிழம் வைத்தால் போதும், நிழல் கிடைக்கும்.

குழுவில் பேசி என்ன செய்யலாம்?

முதலில் நம் ஊராட்சியில் எத்தனை மனைப்பிரிவு வந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் பூங்கா இடம் எத்தனை சென்ட், எந்த சர்வே எண் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபட நகல், தான பத்திர நகல் இரண்டையும் கேளுங்கள். "இதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்று யாராவது சொன்னால், பேங்க் லோன் பாரத்தையே நாம்தான் நிரப்புகிறோம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை. நகராட்சி, மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட ஊர் என்றால் பகுதி சபா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-இல் அது தொடங்கியது. நம் கூட்டமைப்பு தயாரிக்கிற கிராமத் திட்டத்தில் பொதுத் தேவைகளுக்கும் இடம் உண்டு. அதில் பூங்காவையும் எழுதினால், ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

தீர்மானத்தில் "ஊருக்குப் பூங்கா வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது நோட்டில் தூங்கும். "இன்ன சர்வே எண்ணில், இத்தனை சென்ட், பூங்காவுக்குத் தானமாக வந்த இடம். இதன் பட்டாவை உள்ளாட்சியின் பேருக்கு மாற்ற வேண்டும், அளந்து கல் நட வேண்டும், வேலியும் பெயர்ப் பலகையும் வைக்க வேண்டும்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஊராட்சியைத் தலைவர் நடத்தினாலும் தனி அலுவலர் நடத்தினாலும் கேட்கிற முறை இதுதான். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்றை வாங்கிக் கூட்டமைப்பின் கோப்பில் வையுங்கள்.